வன்னியில் லினக்ஸும் வீட்டு சேர்வரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரியூசன் ஆசிரியர்கள், உயர்தரத்தில் தொழினுட்பப் பாடம் எடுத்த மாணவர்கள், பரந்தனிலும் மாங்குளத்திலும் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர் என்று பலரும் பழைய கணினி ஒன்றைக் கொண்டுவந்து ஏறத்தாழ ஒரே சந்தேகங்களையே கேட்பதால், அவற்றையும் பதில்களையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். கட்டளைகளைத் தமிழெழுத்தில் தந்திருக்கிறேன். திரையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும்.

என்னுடைய நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இங்குள்ள மின்சாரத்தையும் இணையத்தையும் வைத்துப் பார்த்தால், வீட்டு சேர்வர், அதாவது வீட்டிலுள்ள மற்றக் கணினிகளுக்கும் போன்களுக்கும் கோப்புகளை எடுத்துக் கொடுக்கும் கணினி, என்பது முதலில் வீட்டுக்குள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டிய பொருள். வெளியுலகத்துக்கு அதைத் திறந்துவிடுவது கடைசி வேலை. பதில்கள் அந்த ஒழுங்கிலேயே செல்கின்றன.

அண்ணை, லினக்ஸ் எண்டா என்ன? விண்டோஸ் மாதிரி ஒண்டா, இல்லாட்டி விண்டோசுக்குள்ள போடுற சொப்ட்வெயரா?

விண்டோசைப் போலவே இதுவும் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். சரியாகச் சொல்வதானால், லினக்ஸ் என்பது அதன் கருப்பகுதிக்கு மட்டும் உரிய பெயர். பின்லாந்தில் ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் அதை எழுதத் தொடங்கினார். அந்தக் கருவோடு மற்ற மென்பொருள்களைச் சேர்த்து, நேரே நிறுவக்கூடிய வடிவில் வெளியிடுபவர்கள் பலர். 1993 இல் தொடங்கிய டெபியன், 2004 இல் வந்த உபுண்டு, 2006 இல் வந்த லினக்ஸ் மின்ட் ஆகியவை அவற்றுள் சில.

அண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கருவே என்பதால், இதைத் தொட்டே அறியாதவர் என்று இன்று ஒருவரும் இல்லை. காசு கொடுக்க வேண்டியதில்லை. களவாக உடைத்த பிரதியைத் தேடி அதனோடு வைரசையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதுமில்லை.

என்ர லப்டொப் பழசு. விண்டோஸ் 11 ஏறாது எண்டு சொல்லுது. லினக்ஸ் போட்டா ஓடுமோ?

பெரும்பாலும் ஓடும். விண்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 ஓ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கிறது. லினக்ஸுக்கு அந்த நிபந்தனை இல்லை. 4 ஜிபி நினைவகம் இருந்தால் இணையம் பார்க்கவும் கடிதம் அடிக்கவும் போதும். சுழலும் பழைய வன்தட்டைக் கழற்றி எஸ்எஸ்டி ஒன்றைப் போடுவது, இயங்குதளத்தை மாற்றுவதைவிடக் கூடுதல் வேகம் தரும் என்பதையும் சொல்ல வேண்டும். காசு இருந்தால் முதல் செலவு அதுவாகட்டும்.

இரண்டு தடைகள் உண்டு. மிகப் பழைய 32 பிட் செயலியென்றால் தெரிவுகள் சுருங்கிவிட்டன. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 கூட அவற்றுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. அடுத்தது அச்சுப்பொறி. எங்கள் பக்கத்துக் கடைகளில் நிறையக் காணப்படும் கெனன் எல்பிபி 2900 போன்றவை லினக்ஸில் எளிதில் பிடிகொடுக்காதவை. போட்டோசொப், விண்டோசுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருள், இந்த அச்சுப்பொறி என்பவற்றில்தான் உங்கள் பிழைப்பு என்றால், அந்தக் கணினியை விண்டோசிலேயே விட்டுவிட்டு வேறொன்றில் பழகுவதே புத்தி.

உபுண்டு, மின்ட், டெபியன் எண்டு ஆளுக்கொண்டு சொல்லீனம். எதைப் போடுறது?

மேசையில் வைத்துப் பாவிப்பதற்கு லினக்ஸ் மின்ட்; அதன் கீழ்ப்பட்டையும் தொடக்கப் பட்டியலும் விண்டோஸ் பழகிய கைக்கு உடனே பிடிபடும். வலுக்குறைந்த கணினியென்றால் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு.

சேர்வருக்கு நான் டெபியனையே சொல்வேன். அதன் சிறிய நிறுவிக் கோப்பு 1 ஜிபியிலும் குறைவு. நிறுவும்போது தெரிவுத் திரையில் குறிக்காத எதையும் ஏற்றாது. இரண்டு வருடங்களுக்கு அதன் பாட்டிலே ஓடும். உபுண்டு சேர்வரும் பழுதில்லை, ஆனால் இரட்டை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும், 5 ஆண்டு ஆதரவுள்ள பதிப்பாகப் பார்த்து எடுக்க வேண்டும். மாதமொரு லினக்ஸ் மாற்றிப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்குத்தான். சேர்வரில் அதைச் செய்ய வேண்டாம்.

இறக்கவே 3 ஜிபி வேணுமாம். போன் டேட்டாவில ஏலுமோ?

ஏலும், ஆனால் அவசியமில்லை. மின்ட் ஏறத்தாழ 3 ஜிபி, உபுண்டுவின் மேசைப் பதிப்பு அதைப்போல் இரு மடங்கு. ஒருவர் இறக்கினால் ஊரே பிரதியெடுக்கலாம், சட்டத்திலும் தடையில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரிலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ படிக்கும் பிள்ளை ஒருவர் உங்கள் ஒழுங்கையில் இருந்தால் பென் டிரைவோடு போய்க் கேளுங்கள்.

கைமாறி வந்த கோப்பை நிறுவுமுன் ஒரு வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அதன் அதிகாரபூர்வத் தளத்தில் எஸ்எச்ஏ 256 என்ற நீண்ட எழுத்துத் தொடர் ஒன்று போட்டிருக்கும். உங்களிடம் உள்ள கோப்புக்கும் அதே தொடர் வருகிறதா என்று ஒப்பிட வேண்டும். ஓரெழுத்து மாறினாலும் கோப்பு அரைகுறையாக இறங்கியது, அல்லது யாரோ கை வைத்தது. பிறகு ரூபஸ் அல்லது வென்டோய் என்ற மென்பொருளைக் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் எழுதலாம். வென்டோயில் பல லினக்ஸ் கோப்புகளை ஒரே பென் டிரைவில் போட்டு வைக்க முடியும் என்பதால் ஊருக்குள் சுற்றவிட அதுவே நல்லது.

விண்டோசை அழிக்காமல் ரெண்டையும் வச்சிருக்கலாமோ?

வைத்திருக்கலாம். அதற்கு முன், பென் டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பாருங்கள். வன்தட்டில் எதையும் எழுதாது. வைபை, ஒலி, திரைவெளிச்சம் எல்லாம் சரியென்றால் மட்டும் அடுத்த படி. விண்டோசுக்குள்ளே போய் சி டிரைவைச் சுருக்கி இடம் ஒதுக்கி, விரைவுத் தொடக்கம் என்ற வசதியை நிறுத்தி, பிட்லொக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியைக் கடதாசியில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு நிறுவ வேண்டும். அந்தச் சாவி இல்லாமல் தொடங்கியவர்களுக்கு நான் செய்யக்கூடியது எதுவுமில்லை.

இரண்டையும் வைத்த பின் விண்டோசின் மணிக்கூடு சரியாக ஐந்தரை மணித்தியாலம் பிந்தி நிற்கிறது என்று பலர் வருவார்கள். கணினிக்குள் இருக்கும் மணிக்கூட்டை லினக்ஸ் கிரீன்விச் நேரமாக வைக்கிறது. விண்டோஸ் அதையே இலங்கை நேரமாக வாசிக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசந்தான் அந்த ஐந்தரை. 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையால் லினக்ஸையும் உள்ளூர் நேரத்தில் எழுதச் சொன்னால் சரியாகிவிடும்.

லினக்ஸ் போட்டன். வைபை காட்டுதே இல்லை. நெட் இல்லாமல் டிரைவரை எப்பிடி எடுக்கிறது?

போனை யூஎஸ்பி வயரால் கணினியில் செருகி, போனின் அமைப்புகளில் யூஎஸ்பி இணைப்புப் பகிர்வை இயக்குங்கள். எந்த டிரைவரும் கேட்காமல் வயர் இணைப்பைப் போல உடனே இணையம் வரும். மின்டில் டிரைவர் மேலாளரைத் திறந்து அது காட்டுவதை நிறுவிவிட்டு மீளத் தொடங்கினால், பிரோட்கொம், ரியல்டெக் சில்லுகள் பெரும்பாலானவை எழும்பிவிடும்.

சேர், பாமினியில அடிச்ச வினாத்தாள் எல்லாம் இருக்கு. லினக்ஸில திறந்தா தமிழ் வருமோ?

ஆசிரியர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பாமினி என்பது ஒருங்குறி (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துத் தரமான யூனிகோட்) அல்ல; ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்ட எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். விண்டோஸ் கணினியிலுள்ள பாமினிக் கோப்பைப் பிரதியெடுத்து, லினக்ஸில் இரட்டைச் சொடுக்கால் திறந்து நிறுவினால், லிப்ரே ஒபிசில் பழைய வினாத்தாள்கள் தமிழாகவே திறக்கும். அட்டவணைகளும் படங்களும் கொஞ்சம் இடம் மாறலாம். அச்சடிக்கப் போகும் தாளை ஒருமுறை பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

புதிதாக அடிப்பவற்றை ஒருங்குறியிலேயே அடியுங்கள். ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளோடு எம்17என் பொதிகளை நிறுவினால், இலங்கைத் தரமான ரெங்கநாதன் விசைப்பலகையும் தமிழ் 99 உம் கிடைக்கும். பாமினியில் பழகிய விரலுக்கு ரெங்கநாதனில் க, த, ப எல்லாம் பழைய இடத்திலேயே இருப்பதால் தடுமாற்றம் அதிகமிராது. இதைச் செய்த பிறகுதான் உங்கள் வினாத்தாள்களை ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடவே முடியும்.

சரி, இந்த வீட்டு சேர்வர் எண்டிறது என்ன? அது கொம்பனிகளுக்குத் தானே?

எந்நேரமும் இயங்கிக்கொண்டு, வீட்டிலுள்ள மற்றக் கணினிகளும் போன்களும் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் கணினிக்கு அந்தப் பெயர். படங்களைச் சேமித்து வைத்தல், பாடக் காணொளிகளைப் பல போன்களுக்கு ஒரே நேரத்தில் காட்டுதல், கோப்புகளைப் பகிர்தல் ஆகியவற்றுக்கு நீங்கள் மூலையில் போட்டிருக்கும் மடிக்கணினியே தாராளம்.

அதுக்கு என்ன மெசின் நல்லது? கரண்ட் பில் ஏறாதோ?

திரை உடைந்த மடிக்கணினி என்பதே என் முதல் தெரிவு. சும்மா இருக்கும்போது 10 முதல் 15 வொற் அளவில் இழுக்கும். பற்றரி கூடவே இருக்கிறது. ராஸ்பெரி பை இன்னும் குறைவாக இழுக்கும், ஆனால் அதன் மின்னேற்றி, பெட்டி, எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்தால் பழைய மடிக்கணினியின் விலையைத் தொட்டுவிடும். மேசைக்கணினியைக் கடைசியாக வையுங்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10 வொற் பொருள் ஒன்று 30 நாளும் இரவு பகலாக ஓடினால் 7.2 அலகு. 80 வொற் மேசைக்கணினி என்றால் 57.6 அலகு. வீட்டு மின்கட்டணத்தில் மாதம் 60 அலகைத் தாண்டியதும் முதல் அலகிலிருந்தே விலைப்பட்டி மாறிவிடும் என்பதை மறக்க வேண்டாம். 45 அலகு எரிக்கும் வீட்டில் மடிக்கணினி வைத்தால் கோட்டுக்குள் நிற்கலாம். மேசைக்கணினி வைத்தால் மின்விசிறிக்கும் லைட்டுக்கும்கூடச் சேர்த்துக் கூடிய விலை கட்ட வேண்டிவரும்.

டெபியன் போடேக்க என்னென்ன கவனிக்க வேணும்?

இரண்டு இடங்களில் எல்லோரும் இடறுகிறார்கள். முதலாவது, எல்லா அதிகாரமும் கொண்ட 'ரூட்' கணக்குக்குக் கடவுச்சொல் கேட்கும் திரை. அதை வெறுமையாக விட்டுத் தொடருங்கள். அப்போதுதான் உங்கள் சாதாரணக் கணக்குக்கே, நிர்வாகிக் கட்டளைகளை ஓட்டும் 'சூடோ' அதிகாரம் தானாகக் கிடைக்கும். அங்கே எதையாவது அடித்துவிட்டால், பிறகு சூடோ போட்டு அடிக்கும் எந்தக் கட்டளையும் வேலை செய்யாது.

இரண்டாவது, இறுதியில் வரும் மென்பொருள் தெரிவுத் திரை. அதில் டெஸ்க்டொப் சூழலுக்கும் அதன் ஒரு வகையான நோமுக்கும் எதிரே நட்சத்திரம் ஏற்கெனவே விழுந்திருக்கும். வேறு கணினியிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்எச் சேர்வருக்கு எதிரே விழுந்திராது. அம்புக்குறியால் ஒவ்வொன்றாக இறங்கி, இடைவெளி விசையால் நோமையும் டெஸ்க்டொப்பையும் அகற்றி, எஸ்எஸ்எச் சேர்வரில் நட்சத்திரம் வைத்து, கடைசியாகத்தான் என்டரை அழுத்த வேண்டும். பழக்கதோஷத்தில் முதலிலேயே என்டரை அழுத்துபவர்கள் தேவையில்லாத பெரிய பொதியொன்றைத் தங்கள் டேட்டாவில் இறக்கிக்கொண்டு காத்திருப்பார்கள்.

பாஸ்வேர்ட் அடிக்கேக்க ஒண்டுமே விழுதில்லை. கீபோர்ட் பழுதோ?

பழுதில்லை. பின்னால் நிற்பவர் எழுத்துகளை எண்ணிவிடக்கூடாது என்பதற்காக, டெபியனின் முனையத்தில், அதாவது கட்டளை அடிக்கும் திரையில், நட்சத்திரக் குறிகூடத் தோன்றாமல் வைத்திருக்கிறார்கள். தெரியாமலே அடித்து என்டரை அழுத்துங்கள்.

ஸ்கிரீன் இல்லாமல் அதில எப்பிடி வேலை செய்யிறது?

மேலே நட்சத்திரம் வைத்த எஸ்எஸ்எச் இதற்குத்தான். விண்டோஸ் 10 இலிருந்தே அந்தக் கட்டளை உள்ளடங்கியுள்ளது. போனென்றால் டேர்மக்ஸ் என்ற செயலி போதும். முகவரி தினமும் மாறாமலிருக்க, ரவுட்டரின் பக்கத்துக்குள் போய் சேர்வருக்கு 192.168.1.10 போன்ற ஒன்றை நிரந்தரமாக ஒதுக்குங்கள். மடிக்கணினியென்றால் மூடியை மூடியதும் உறங்கிவிடும். மூடியைக் கவனிக்கும் லொகின்டி என்ற நிரலின் அமைப்புக் கோப்பில் மூடிக்குரிய வரியை 'இக்னோர்' என்று மாற்றினால் மூடியபடியே அலமாரி மேல் வைக்கலாம். காற்றுத் துவாரத்தை மூடிவிடாதீர்கள். எங்கள் செம்மண் புழுதியும் ஆவணி வெயிலும் சேர்ந்தால் விசிறி வருடத்துக்கு ஒருமுறையாவது சுத்தம் கேட்கும்.

கரண்ட் போனா என்ன நடக்கும்?

இங்கே சேர்வர் வைப்பவருக்கு உண்மையான பாடம் இதுதான். மின்சாரம் போவதைவிட, போய் வந்து போவது கெட்டது. பக்கத்துக் காணியில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் தொடங்கும்போது லைட் மங்குகிற வீடென்றால், மின்னழுத்தமும் நம்பிக்கையானது அல்ல. டெபியன் பாவிக்கும் ஈஎக்ஸ்டி 4 கோப்பு முறைமை தான் செய்யப்போவதை முதலில் குறித்து வைத்துக்கொள்வதால், திடீரென்று அணைந்தாலும் அதன் அமைப்பு பெரும்பாலும் குலையாது; அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு மட்டும் போகலாம். ராஸ்பெரி பையின் எஸ்டி அட்டை அப்படியல்ல. அடிக்கடி மின் தடைப்படும் வீட்டில் அதைத் தொடக்கத் தட்டாக வைத்தால் ஒருநாள் எழும்பாது. எஸ்எஸ்டி போடுங்கள்.

மடிக்கணினிக்குப் பற்றரியே யூபிஎஸ். ஆனால் இரவு பகலாக 100 வீதத்தில் செருகியபடி விட்டால் பற்றரி ஊதக்கூடும். திங்க்பாட் போன்ற சில வகைகளில் டிஎல்பி என்ற மென்பொருளால் 80 வீதத்தில் நிறுத்தலாம். விசைப்பலகை நடுவில் மேடு தட்டினால் உடனே கழற்றிவிட வேண்டும். மேசைக்கணினிக்கு யூபிஎஸ் வாங்குபவர்கள் யூஎஸ்பி துளை உள்ளதாகப் பார்த்து வாங்கி, 'நட்' என்ற மென்பொருளோடு இணைத்தால், பற்றரி தீரும் முன் சேர்வர் தானாகவே ஒழுங்காக அணையும். மின் வந்ததும் தானே எழும்பும்படி கணினியின் தொடக்க அமைப்பான பயோசில் ஒரு தெரிவு உண்டு. அதையும் இயக்கி வையுங்கள். ரவுட்டருக்கு 12 வோல்ட் சிறிய யூபிஎஸ் தனியாக வேண்டும். சேர்வர் ஓடி ரவுட்டர் அணைந்தால் வைபையும் இல்லை, யாருக்கும் பயனுமில்லை.

பற்றரியால் எல்லாவற்றையும் வெல்லலாம் என்று எண்ண வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தது. 2025 பெப்ரவரி 9 இல் நாடே இருண்டபோது, பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் பாய்ந்த குரங்கு ஒன்றே காரணம் என்று அமைச்சர் சொன்னார். ஒழுங்காக அணைந்து ஒழுங்காக எழும்பும் சேர்வர் இருந்தால் இவை எதுவும் பெரிய விடயமல்ல.

யூபிஎஸ் இருந்தா இடி மின்னலுக்குப் பயமில்லைத் தானே?

இல்லை, பயந்தே ஆக வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் பின்னேர இடி முழங்கத் தொடங்குமுன்பே, சுவரிலிருந்து பிளக்கையும் செப்புத் தொலைபேசி வயரையும் கழற்றுவதே காப்பு. மின்னல் கணினிக்குள் வருவதற்குத் தொலைபேசி வயரும் கூரையிலுள்ள அன்டெனாவும் மின்கம்பியளவுக்கே நல்ல வழிகள். பக்கத்து வீட்டுக்கு நெட்வேர்க் கேபிள் வெளியால் இழுத்திருப்பவர்கள் அதையும் கழற்ற வேண்டும்.

நெட் இல்லாத நேரம் சேர்வரால என்ன பிரியோசனம்?

என் கண்ணில் அதன் பெரிய பயனே அதுதான். கிவிக்ஸ் என்ற மென்பொருள் விக்கிப்பீடியாவை முழுதாகச் சேர்வரில் வைத்து வைபை வழியாகக் காட்டும். ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளுள்ள தமிழ் விக்கிப்பீடியா சில ஜிபிக்குள் அடங்கிவிடும். ஆங்கிலத்தினது படங்களோடு 100 ஜிபியைத் தாண்டும். கோலிப்ரி என்ற மென்பொருளில் கான் அகடமிப் பாடங்களையும் பயிற்சிகளையும் ஒருமுறை இறக்கி வைத்தால், பிறகு இணையமே தேவையில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள், கடந்தகால வினாத்தாள்கள், நூலகம் எண்ணிம நூலகத்திலிருந்து எடுத்த பழைய சஞ்சிகைகள் என்பவற்றைச் சாதாரணக் கோப்புறையில் போட்டு, சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாகப் பகிரலாம். காணொளிகளுக்கு ஜெலிஃபின்.

ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ ஒரு ரியூசன் கொட்டிலை நினைத்துப் பாருங்கள். இருபது பிள்ளைகள் ஆளுக்கு 200 எம்பி காணொளியை இணையத்திலிருந்து பார்த்தால் 4 ஜிபி. ஆசிரியர் ஒருமுறை இறக்கிச் சேர்வரில் வைத்தால் 200 எம்பி. மிச்சம் முழுதும் வைபைக்குள்ளேயே ஓடும். போனில் டேட்டா போடாத பிள்ளையும் மற்றவர்களோடு சேர்ந்து பார்க்கும். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: வீட்டு ரவுட்டர் இருபது போனுக்கு ஒரே நேரத்தில் காணொளி கொடுக்கத் திணறும். சேர்வரை ரவுட்டரோடு வயரால் இணைத்து, காணொளிகளை 480 அளவுக்குச் சிறிதாக்கி வைத்தால் சமாளிக்கலாம்.

அப்டேட் எடுக்கவே டேட்டா முடியுது. எடுக்காமல் விட்டா என்ன?

விடக்கூடாது; பாதுகாப்புத் திருத்தங்கள் அதில்தான் வருகின்றன. இரண்டு மூன்று லினக்ஸ் கணினிகள் இருந்தால் சேர்வரில் ஏபிடி கேச்சர் என்ஜி நிறுவுங்கள். ஒரு கணினிக்காக இறக்கிய பொதியை அது வைத்திருந்து மற்றவைக்குக் கொடுக்கும். இரவுக்கென்று தனி டேட்டா தரும் பொதி பாவிப்பவர்கள், அந்த நேரத்துக்கு, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே தொடங்கும் குரோனில் ஒரு வரி எழுதிவிட்டால் உறங்கும்போது வேலை முடிந்துவிடும்.

லண்டனில இருக்கிற அண்ணாவும் இந்தப் படங்களைப் பார்க்கோணும். வெளியால இருந்து வரலாமோ?

வரலாம், ஆனால் எல்லோரும் சொல்லும் வழியால் அல்ல. வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே விட ரவுட்டரில் துளை (போர்ட்) திறக்கச் சொல்வார்கள். 4ஜி ரவுட்டர்களில் அது பெரும்பாலும் வேலை செய்யாது; நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கும். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் தெரியும் வெளிமுகவரி 100.64 இற்கும் 100.127 இற்கும் இடையில் தொடங்கினால் உங்கள் நிலை அதுதான். டெயில்ஸ்கேல் என்ற மென்பொருள் இதற்கு இலகுவானது. சேர்வரிலும் அண்ணாவின் போனிலும் நிறுவி ஒரே கணக்கில் இணைத்தால், இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதுபோல் பேசிக்கொள்ளும். அடியில் ஓடுவது வயர்கார்ட் என்ற மறைகுறி முறை. 2020 இலிருந்து அது லினக்ஸ் கருவிலேயே உள்ளது.

அண்ணாவுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியதும் உண்டு. அவர் அங்கிருந்து பார்க்கும் ஒவ்வொரு படமும் உங்கள் வீட்டிலிருந்து மேலேற வேண்டும். அவருடைய இணையம் எவ்வளவு வேகமாக இருந்தாலும், உங்கள் ஏற்று வேகத்துக்கு மேல் போகாது. டேட்டாவும் உங்கள் கணக்கில்தான் கழியும். கலியாண வீட்டு வீடியோவை அவர் மூன்று முறை பார்த்தால் உங்கள் மாதப் பொதி முடிந்தாலும் முடியும்.

துளை திறக்கிறதால என்ன ஆபத்து? எங்கட வீட்டில என்ன இருக்கு களவெடுக்க?

வருபவர்கள் மனிதர்களல்லர்; உலகிலுள்ள முகவரிகளை வரிசையாகத் தட்டிப்பார்க்கும் நிரல்கள். எஸ்எஸ்எச்சின் 22 ஆம் துளையை வெளியே திறந்துவிட்டு 'ஜேர்னல்சிடிஎல்' பதிவைப் பார்த்தால், அட்மின், டெஸ்ட், ரூட் என்று பெயர் மாற்றி மாற்றிக் கடவுச்சொல் முயல்வதைக் காணலாம். உள்ளே புகுந்தால் உங்கள் படங்களைத் தேடமாட்டார்கள். உங்கள் கணினியைக் கொண்டு வேறிடத்தைத் தாக்குவார்கள். ஆகவே முந்திய பதிலில் சொன்ன வழியோடு நிற்பது நல்லது. திறந்தே ஆக வேண்டுமென்றால் சாவிக் கோப்பால் மட்டும் நுழையும்படி வைத்து, கடவுச்சொல் நுழைவை முற்றாக நிறுத்திவிடுங்கள். ரியூசன் பிள்ளைகளுக்கு ரவுட்டரின் விருந்தினர் வைபையைக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதிலிருந்து சேர்வர் தெரியாமல் போகலாம். அப்படியானால் தனி ரவுட்டர் ஒன்றும் பாடங்கள் மட்டுமுள்ள கணினி ஒன்றும் நல்லது.

ரெண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு ரெய்ட் செய்திட்டன். இனி பேக்கப் தேவையில்லைத் தானே?

தேவை. ஒரே தரவை இரண்டு தட்டிலும் எழுதும் ரெய்ட், ஒரு தட்டு பழுதானால் மற்றதில் தொடர்ந்து ஓட உதவும். நீங்கள் தவறுதலாக அழித்த கோப்பை அது இரண்டிலும் ஒரே நொடியில் அழிக்கும். மின்னலும் கள்ளனும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோவார்கள். எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்தால் எல்லாமே ஒன்றாகப் போய்விடும் என்பதை, 2009 இல் கலியாண அல்பங்களையும் காணி உறுதிகளையும் பதுங்குகுழிகளில் விட்டு வந்த சனத்துக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வெளி வன்தட்டு ஒன்றில் ஆர்சிங்க் அல்லது போர்க் பேக்கப் கொண்டு கிழமைக்கு ஒருமுறை பிரதியெடுத்து, முடிந்ததும் கழற்றி வையுங்கள். இன்னொரு பிரதி வேறு ஊரில், வவுனியாவிலுள்ள மாமி வீட்டிலோ எங்கோ, இருக்கட்டும். போர்க்கில் பழைய நாட்களின் நிலையும் தங்கும் என்பதால், அழித்ததை மூன்று கிழமை கழித்து உணர்ந்தாலும் எடுக்கலாம். இடைக்கிடை ஒரு கோப்பை மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள்.

நெட் இருக்கு. ஆனா எந்த வெப்சைட்டுக்குப் போனாலும் 'பாதுகாப்பில்லை' எண்டு சொல்லுது. வைரசோ?

முதலில் திகதியைப் பாருங்கள். தாய்ப்பலகையிலுள்ள சிஆர் 2032 பொத்தான் பற்றரி இறந்த கணினி, மின் போய் வந்ததும் பல வருடம் பின்னால் போய் நிற்கும். தளங்களின் சான்றிதழ்கள் அந்தத் திகதியில் செல்லாதவை என்று உலாவி மறுக்கும். பற்றரியை மாற்றித் திகதியைச் சரிசெய்தால் போதும். ராஸ்பெரி பை 4 இல் அந்த மணிக்கூடே இல்லை. இணையத்தைக் கேட்டுத்தான் நேரத்தை அறியும். ஐந்தரை மணித்தியால வித்தியாசம் என்றால் அது வேறு; மேலே இரட்டை இயங்குதளம் பற்றிய பதிலில் உண்டு.

சேர்வர் ஓடுது, ஆனா ஒரு கோப்பும் சேமிக்க விடுதில்லை. என்ன செய்யிறது?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். 'டிஎஃப் -எச்' கட்டளையில் 100 வீதம் என்று காட்டினால் இடம் நிறைந்துவிட்டது. மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டொக்கர் பாவிப்பவர்களுக்குப் பழைய படிமங்கள், மற்றவர்களுக்குப் பதிவுக் கோப்புகள், இறக்கிய மென்பொருள் பொதிகள் தங்கும் ஏபிடி கேச் என்பவையே பெரும்பாலும் குற்றவாளிகள்.

இடம் இருந்தும் எழுதவில்லையென்றால், தட்டில் பிழை கண்ட லினக்ஸ் மேலும் கெடாமலிருக்க அதை வாசிப்புக்கு மட்டும் என்று பூட்டியிருக்கும். மீளத் தொடங்கிப் பூட்டைத் திறக்க அவசரப்பட வேண்டாம். அதே நிலையில், வாசிக்க முடியும்போதே, முக்கியமானவற்றை வேறு தட்டுக்குப் பிரதியெடுங்கள். பிறகு 'ஸ்மார்ட்சிடிஎல்' கொண்டு தட்டின் உடல்நிலையைப் பாருங்கள். மாற்றி ஒதுக்கிய பகுதிகளும் காத்திருக்கும் பகுதிகளும் பூச்சியத்துக்கு மேல் ஏறிக்கொண்டே போனால் தட்டை மாற்ற வேண்டும். பூச்சியமாகவே இருந்தால், யூஎஸ்பி தட்டுக்குப் போதிய மின் கிடைக்காதிருக்கலாம். முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு தனி மின்னேற்றியுள்ள பெட்டியில் போட்டுப் பாருங்கள். தட்டு பாவனையில் இல்லாத நிலையில் பென் டிரைவ் லினக்ஸிலிருந்து, கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் 'எஃப்எஸ்சிகே' ஓட்டுவது இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.